‘இல்லை’ என்று வந்த மருந்து: ஒரு தேடல் கோளாறின் நிகழ்வு ஆய்வு

மருந்து வேதியியலில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் ஒரு மதியம் மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார். "சார், தரவுத்தளத்தில் எஸோமெப்ரசோலே இல்லை" என்றார். தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை உலகத்தின் மிகப் பெரிய திறந்த வேதிப்பொருள் தரவுத்தளத்தில் இல்லை என்றால், கோளாறு அங்கே இருக்க வாய்ப்பு குறைவு. அவருக்கும் அது தெரியும். ஆனால் மூன்று நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எதையும் நம்பத் தோன்றும்.

அவருடைய வேலை இதுதான். வயிற்று அமிலச் சுரப்பைத் தடுக்கும் மருந்துகளின் வரிசையை எடுத்து, அவற்றின் கட்டமைப்பு, மூலக்கூறு எடை, நொதித் தடுப்பு அளவீடுகள் ஆகியவற்றைத் திறந்த தரவுத்தளங்களிலிருந்து திரட்ட வேண்டும். கட்டமைப்புக்கு அமெரிக்க அரசின் பப்கெம். அளவீடுகளுக்கு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டனில் இருந்து இயங்கும் கெம்பல். பெயரையோ சிஏஎஸ் எண்ணையோ (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியே தரப்படும் பதிவு எண்) கொடுத்தால் பதிலைக் கொண்டுவந்து விரிதாளில் நிரப்பும் சிறிய நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருந்தார். விரிதாளில் பல வரிசைகளில் ‘இல்லை’ என்று விழுந்திருந்தது. விழாத வரிசைகளிலும் சில விசித்திரங்கள் இருந்தன. எங்கள் கண்ணுக்கு முதலில் பட்டது, அல்சர் மருந்துகளின் நடுவே அமர்ந்திருந்த ஒரு மனநோய் மருந்து.

முதலில் நிரலை மூடச் சொன்னேன். உலாவியைத் திறந்து, பெயரைக் கையால் தட்டச்சு செய்தோம். எஸோமெப்ரசோல் உடனே வந்தது. ஒமெப்ரசோலும் வந்தது, பப்கெம்மில் அதன் சேர்ம எண் 4594. ஆகவே பொருள் இருக்கிறது, கேட்ட விதத்தில்தான் வில்லங்கம் என்பது இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. எந்த விதத்தில் என்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. காரணம், கோளாறு ஒன்றல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்தாறு இருந்தன. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது அதே ‘இல்லை’ என்ற முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

ஓடும்போதெல்லாம் மாறிய ‘இல்லை’

நிரலை இரண்டு முறை ஓட்டி இரண்டு விரிதாள்களையும் அருகருகே வைத்தோம். முதல் ஓட்டத்தில் ‘இல்லை’ என்றிருந்த லான்சோப்ரசோல் இரண்டாவதில் வந்துவிட்டது; முதலில் வந்த ரபெப்ரசோல் இரண்டாவதில் காணாமல் போயிருந்தது. பத்து நிமிட இடைவெளியில் மூலக்கூறுகள் பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை. இப்படி இடம் மாறும் பிழை வேதியியலில் இருக்க முடியாது, போக்குவரத்தில்தான் இருக்க வேண்டும்.

பப்கெம்மின் நிரல்வழிச் சேவைக்கு ஒரு வரம்பு உண்டு: நொடிக்கு 5 கோரிக்கைகளுக்கு மேல் கூடாது, நிமிடத்துக்கு 400-க்கு மேல் கூடாது. மாணவியின் நிரல் இடைவெளியே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வரம்பு மீறினால் சேவை 503 என்ற குறியைத் திருப்பும். ‘இப்போது நெரிசல், பிறகு வா’ என்பது அதன் பொருள். உண்மையிலேயே பொருள் இல்லையென்றால் வருவது 404. நிரலோ, ‘பதில் இதோ’ என்று பொருள்படும் 200 தவிர வேறு எது வந்தாலும் ‘இல்லை’ என்று எழுதிவிடும்படி அமைந்திருந்தது. கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சரக்கு இல்லை என்று வீட்டில் போய்ச் சொன்ன கதை.

நொடிக்கு நான்கு கோரிக்கை என்று வேகத்தைக் குறைத்தோம். 503 வந்தால் காத்திருந்து மறுபடி கேட்கவும், 404-ஐத் தனியாகக் குறித்துவைக்கவும் நிரலை மாற்றினோம். ‘இல்லை’களில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. இந்த அளவில் நிறுத்தியிருந்தால் மாணவி மகிழ்ச்சியாகத்தான் இருந்திருப்பார்.

எண்ணும் பெயரும்

மிஞ்சியவற்றில் ஒமெப்ரசோலே இருந்தது. பெயரால் தேடினால் வந்தது, சிஏஎஸ் எண்ணால் தேடினால் வரவில்லை. விரிதாளில் இருந்த எண் 73590-85-6. சிஏஎஸ் எண்ணின் கடைசி இலக்கம் அலங்காரத்துக்காக வைத்ததல்ல, அது சரிபார்ப்பு இலக்கம். அதை விட்டுவிட்டு மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். மேற்சொன்ன எண்ணுக்குத் தொகை 149, அதாவது கடைசியில் 9 இருக்க வேண்டும்; இருப்பதோ 6. நடுவில் உள்ள 85-ஐ 58 என்று திருப்பிப் போட்டால் தொகை 146, பொருந்திவிடுகிறது. ஒமெப்ரசோலின் உண்மையான எண் 73590-58-6. கையால் பார்த்து எழுதும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. இந்தக் கணக்கைச் செய்ய நிரலில் நான்கு வரி போதும். தேடுவதற்கு முன்பே பிடித்திருக்கலாம்.

சிஏஎஸ் எண்களை விரிதாளில் வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கஞ்சாச் செடியின் முதன்மை வேதிப்பொருளும், வாந்தியைத் தடுக்க மருந்தாகவும் தரப்படுவதுமான ட்ரோனாபினாலின் எண் 1972-08-3. அதை விரிதாளில் இட்டால் மென்பொருள் மிகுந்த அக்கறையோடு 1972 ஆகஸ்ட் 3 என்று தேதியாக மாற்றிவைத்துவிடும். பத்தியை முதலிலேயே ‘உரை’ வகைக்கு மாற்றிவிட்டுத்தான் எண்களை ஒட்ட வேண்டும். பிறகு மாற்றிப் பயனில்லை.

அந்த மனநோய் மருந்துக்கு வருவோம். அது அரிபிப்ரசோல். மாணவி தம் பட்டியலை விரிவாக்க ‘ப்ரசோல்’ என்று முடியும் பெயர்களையெல்லாம் அள்ளியிருந்தார். பன்னாட்டுப் பொதுப்பெயர் முறையில் ‘ப்ரசோல்’ என்ற ஈறு பென்சிமிடசோல் வகை அல்சர் மருந்துகளுக்கு உரியதுதான். ஆனால் அரிபிப்ரசோலின் ஈறு ‘பிப்ரசோல்’. எழுத்துகளை மட்டும் பார்க்கும் தேடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மறுபுறம், ப்ரசோல்கள் தடுக்கும் அதே அமிலப் பம்பை, அதாவது வயிற்றுக்குள் அமிலத்தை விடும் நொதியை, தடுக்கும் வோனோப்ரசான் இந்த வலையில் விழவே இல்லை. அது வேறு விதமாகச் செயல்படும் மருந்து என்பதால் அதற்கு ஈறும் வேறு.

பெயர்க் குழப்பம் இந்த மருந்துக்குப் பழக்கமானது என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் ஒமெப்ரசோலை லோசெக் என்ற பெயரில் 1988-இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயர் சிறுநீர் பெருக்கும் மருந்தான லாசிக்ஸோடு குழம்பியதால், 1990-இல் அங்கே ப்ரைலோசெக் என்று மாற்ற வேண்டியதாயிற்று. அன்று குழம்பியது கையெழுத்தில். இன்று குழம்புவது எழுத்துச் சரத்தில்.

கந்தகத்தைச் சுற்றி

உண்மையான வழக்கு இதற்குப் பிறகுதான் தொடங்கியது. பெயரை நம்ப வேண்டாம், கட்டமைப்பால் தேடுவோம் என்று மாணவி முடிவெடுத்தார். நல்ல முடிவு. கெம்பலிலிருந்து முழுத் தரவுக் கோப்பைத் தரவிறக்கி, அதில் கந்தகமும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த ஒரு துண்டை வடிவமாகக் கொடுத்துத் துணைக்கட்டமைப்புத் தேடல் நடத்தினார். ஒமெப்ரசோல், லான்சோப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாமே சல்ஃபாக்ஸைடுகள். எல்லாவற்றிலும் அந்தத் துண்டு இருக்கிறது. ஒன்றுகூட வரவில்லை.

நான் எதிர்பார்க்காத இடத்தில் துப்பு கிடைத்தது. முடிவுகளில் சல்ஃபோன்கள் வந்திருந்தன. ஒரே கந்தகத்தில் இரண்டு ஆக்சிஜன் இருந்தால் வருகிறது, ஒன்று இருந்தால் வரவில்லை. நம் உடலில் ஒமெப்ரசோல் சிதையும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று அதன் சல்ஃபோன். மருந்தை விட்டுவிட்டு அதன் கழிவு வகையைச் சரியாகப் பிடிக்கும் தேடல் எப்படிப்பட்டது?

கெம்பலில் ஒமெப்ரசோலின் ஸ்மைல்ஸ் வரியை (மூலக்கூறின் கட்டமைப்பை எழுத்துகளாலும் குறிகளாலும் ஒரே வரியில் எழுதும் முறை) திறந்து எழுத்தெழுத்தாகப் படித்தோம். அங்கே இரட்டைப் பிணைப்பே இல்லை. கந்தகத்தின் மேல் ஒரு நேர்மின்சுமை, ஆக்சிஜன் மேல் ஒரு எதிர்மின்சுமை, இடையே ஒற்றைப் பிணைப்பு. சல்ஃபாக்ஸைடை இப்படி மின்சுமை பிரித்து எழுதுவது கெம்பல் வகுத்துக்கொண்ட சீர்மை விதி. பப்கெம் அதையே இரட்டைப் பிணைப்போடு எழுதுகிறது. வேதியியலாளர் இருவரிடம் கேட்டால் இரண்டுமே சரி என்பார்கள். பிணைப்பின் உண்மையான தன்மைக்கு மின்சுமை பிரித்த வடிவம் இன்னும் நெருக்கமானது என்றுகூட ஒருவர் வாதிடலாம். சல்ஃபோன் இரு இடங்களிலும் இரட்டைப் பிணைப்போடுதான் எழுதப்படுகிறது. அதனால்தான் அது சிக்கியது. வடிவத்தில் இரண்டு வகை எழுத்தையும் ஏற்கும்படி திருத்தியதும் எல்லா ப்ரசோல்களும் வரிசையாக வந்து நின்றன. யாருடைய பிழையும் இதில் இல்லை. ஒரு வீட்டின் எழுத்து மரபில் எழுதிய கேள்வியை இன்னொரு வீட்டில் கேட்டுவிட்டோம்.

மாணவி உற்சாகமாகிவிட்டார். கெம்பலின் வரியை அப்படியே நகலெடுத்து, வலைமுகவரியின் கேள்விப் பகுதியில் ஒட்டி வேறொரு சேவைக்கு அனுப்பினார். ‘செல்லாத கட்டமைப்பு’ என்று பதில் வந்தது. நேற்று வரை வெறும் ‘இல்லை’. இன்று வசவே வருகிறது, முன்னேற்றம்தான் என்றேன். அனுப்பப்பட்ட முகவரியைப் பதிவேட்டில் பார்த்தபோது கந்தகத்தின் பக்கத்தில் இருந்த கூட்டல் குறியைக் காணவில்லை. அந்த இடத்தில் வெற்றிடம். வலைமுகவரியின் கேள்விப் பகுதியில் கூட்டல் குறி வந்தால் அதை இடைவெளியாகப் படிப்பது பழைய வழக்கம். நேர்மின்சுமை வழியிலேயே ஆவியாகிவிட்டது. கூட்டல் குறியை அதற்குரிய மாற்றுக் குறியாக மாற்றி அனுப்பினால் தீர்ந்தது. முப்பிணைப்பைக் குறிக்கும் # குறிக்கும் இதே கதிதான். முகவரியில் அது வந்தால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் சேவையகத்துக்குப் போய்ச் சேராது.

அடுத்தது கை. சல்ஃபாக்ஸைடின் கந்தகத்தைச் சுற்றி நான்கு வேறுபட்ட அண்டைகள்: இரண்டு கார்பன் தொகுதிகள், ஓர் ஆக்சிஜன், ஒரு தனித்த எலக்ட்ரான் இணை. ஆகவே அந்தக் கந்தகம் கைரல்: இடக்கையும் வலக்கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருந்தும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு வடிவங்கள், அதாவது எஸ், ஆர் எனப்படும் இரண்டு ‘கைகள்’, உண்டு. ஒமெப்ரசோல் என்பது இரு கைகளும் சம அளவில் கலந்த சுழிமாய்க் கலவை. அதில் எஸ் வகையை மட்டும் பிரித்து விற்பதுதான் எஸோமெப்ரசோல். கார்பன் மட்டுமே கைரல் மையமாக முடியும் என்ற எண்ணம் வகுப்பறையிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. மாணவி வரைந்த எஸோமெப்ரசோலில் கந்தகத்துக்குத் திசையே தரப்படவில்லை. அந்தப் படத்தைக் கொடுத்து முழுப் பொருத்தம் கேட்டால், தரவுத்தளம் ஒமெப்ரசோலைத்தான் தரும். அது கேட்டதற்குச் சரியான பதில்.

திசையைச் சேர்த்த பிறகும் ஒரு சறுக்கல். ஸ்மைல்ஸில் திசையை @ என்றோ @@ என்றோ குறிக்கிறார்கள். ஒற்றைக் குறி என்றால் எஸ், இரட்டை என்றால் ஆர் என்று மாணவி மனப்பாடம் செய்திருந்தார். அப்படி எந்த விதியும் இல்லை. அந்தக் குறி, அண்டை அணுக்கள் அந்த வரியில் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றனவோ அந்த வரிசையைப் பொறுத்து இடமா வலமா என்று சொல்கிறது. வரியை வேறு முனையிலிருந்து எழுதத் தொடங்கினால் அதே மூலக்கூறுக்கு ஒற்றை இரட்டையாகலாம். எஸோமெப்ரசோலுக்குப் பப்கெம்மில் நாங்கள் கண்டது ஒற்றைக் குறி, கெம்பலில் இரட்டை. இரண்டும் ஒரே கை.

இந்தக் குழப்பத்தையெல்லாம் தாண்டிப் போக உதவியது இன்ச்சி-கீ. கட்டமைப்பிலிருந்து கணித்து எடுக்கப்படும் 27 எழுத்துக் குறியீடு அது. முதல் 14 எழுத்துகள் எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்பதைச் சொல்கின்றன. அடுத்த தொகுதியில்தான் கை பற்றிய தகவல் வருகிறது. ஒமெப்ரசோலின் இரண்டாம் தொகுதி ‘யூ எச் எஃப் எஃப் எஃப் ஏ ஓ ஒய்’ என்று தொடங்கும். திசைத் தகவல் எதுவும் இல்லாத எல்லா மூலக்கூறுகளுக்கும் அதே எழுத்துகள்தான், ஆஸ்பிரினுக்கும் பாரசிட்டமாலுக்கும்கூட. ஆகவே எஸோமெப்ரசோல் என்று பெயரிட்ட ஒரு பதிவில் அந்த எழுத்துகளைக் கண்டால் உடனே உஷாராகிவிடலாம்: படம் வரைந்தவர் கையை விட்டுவிட்டார். முதல் 14 எழுத்துகளால் மட்டும் தேடினால் ஒமெப்ரசோல், எஸ் வகை, ஆர் வகை மூன்றும் சேர்ந்து வரும். 27-ஐயும் கொடுத்தால் ஒன்று மட்டும் வரும்.

இன்ச்சி-கீ இன்னொரு தகராறையும் சொல்லாமல் தீர்த்துவைத்தது. மாணவியின் பாடநூலில் ஒமெப்ரசோல் 5-மெத்தாக்ஸி, அதாவது மெத்தாக்ஸி தொகுதி வளையத்தின் ஐந்தாம் இடத்தில். பப்கெம்மின் முறைப்பெயரில் 6-மெத்தாக்ஸி. வேறு பொருளோ என்று அவர் அந்தப் பதிவை ஒதுக்கிவைத்திருந்தார். பென்சிமிடசோல் வளையத்தில் உள்ள ஹைட்ரஜன் இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையே இங்கும் அங்கும் தாவக்கூடியது. அது எந்த நைட்ரஜனில் இருக்கிறதோ அங்கிருந்து எண்ணத் தொடங்குவதால், அசையாமல் இருக்கும் மெத்தாக்ஸி தொகுதிக்கு ஒருமுறை 5, ஒருமுறை 6 என்று எண் விழுகிறது. கரைசலில் இவை இயங்குச் சமநிலையில் மாறிக்கொண்டே இருப்பவை. பிரிக்க முடியாத இரட்டையரில் ஒருவரை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றால் எப்படி? வழக்கமான இன்ச்சி (இன்ச்சி-கீ எடுக்கப்படும் மூல வரி) அந்த ஹைட்ரஜனை ‘நகரக்கூடியது’ என்று கருதுவதால் இரண்டு படத்துக்கும் ஒரே குறியீடு வருகிறது.

இன்ச்சி-கீயை நான் இவ்வளவு புகழ்ந்ததன் விளைவு, மாணவி அதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார். அடுத்த ‘இல்லை’ அங்கிருந்துதான் வந்தது.

மெக்னீசியம்

மருந்தாக விற்கப்படும் எஸோமெப்ரசோல் பெரும்பாலும் அதன் மெக்னீசிய உப்பு; அதிலும் மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வடிவம். முதல் 14 எழுத்துகளால் தேடினால் உப்பும் வந்துவிடும் என்று நினைத்தார். வராது. உப்பு என்பது வேறு கூட்டமைப்பு: ஹைட்ரஜன் இழந்த இரண்டு எஸோமெப்ரசோல், ஒரு மெக்னீசியம். பிணைப்புத் தகவலே மாறிவிடுவதால் முதல் தொகுதியும் அடியோடு மாறிவிடும். சிஏஎஸ் எண்களும் தனித்தனி: எஸோமெப்ரசோலுக்கு 119141-88-7, மெக்னீசிய உப்புக்கு 161973-10-0, மூன்று நீர் சேர்ந்த உப்புக்கு 217087-09-7. தரவுத்தளங்கள் இந்த உறவைத் தாய்-சேய் என்ற இணைப்பாகத் தனியே வைத்திருக்கின்றன. கெம்பலில் ஒரு சேர்மத்தின் பக்கத்திலிருந்து அதன் மாற்று வடிவங்களுக்குப் போக வழி உண்டு. அந்த இணைப்பைப் பிடித்துத்தான் போக வேண்டும், குறியீட்டை வெட்டி ஒட்டிப் போக முடியாது.

இது ஏட்டளவில் நிற்கும் சங்கதியல்ல. எங்கள் ஆய்வகத்தில் குப்பியில் இருந்தது மூன்று நீர் சேர்ந்த உப்பு. அதன் மூலக்கூறு எடை 767.2. விரிதாளில் நிரல் நிரப்பியிருந்தது தாய்ச்சேர்மத்தின் 345.4. அந்த எண்ணை நம்பி 345.4 மில்லிகிராம் நிறுத்துக் கரைத்திருந்தால், ஒரு மில்லிமோல் என்று நினைத்த இடத்தில் 0.9 மில்லிமோல்தான் இருந்திருக்கும். சரி, உப்பின் எடையையே எடுப்போம் என்று 767.2 மில்லிகிராம் நிறுத்தால் தவறு இன்னும் பெரிது: ஓர் உப்பு அலகில் இரண்டு மருந்து மூலக்கூறுகள் இருப்பதால் இரண்டு மில்லிமோல் ஆகிவிடும். சரியான எண் 767.2-இல் பாதி, 383.6. மருந்து அட்டையில் 40 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் மாத்திரைக்குள் ஏறத்தாழ 44.5 மில்லிகிராம் உப்பு இருப்பதும் இதே கணக்கால்தான்.

இருபது

கடைசிக் கோளாறு மிக அற்பமானது, அதனாலேயே மிகத் தாமதமாகக் கண்ணில் பட்டது. அளவீடுகளைக் கெம்பலிலிருந்து இழுத்தபோது ஒமெப்ரசோலுக்கு 20 வரிசைகள் வந்தன. லான்சோப்ரசோலுக்கும் 20. பான்டோப்ரசோலுக்கும் 20. இயற்கை இவ்வளவு முழுமையான எண்களை விரும்புவதில்லை. அந்தச் சேவை பதிலைப் பக்கம் பக்கமாகத் தருகிறது. எதுவும் சொல்லாவிட்டால் பக்கத்துக்கு 20. கேட்டால் 1000 வரை தரும், அதற்கு மேல் அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும். மொத்தம் எத்தனை என்ற எண்ணும் ஒவ்வொரு பதிலிலும் இருந்தது. நிரல் அதைப் படிக்கவில்லை, நாங்களும் படிக்கவில்லை. எல்லாக் கோளாறுகளிலும் ஆய்வேட்டை ஓசையின்றிக் கெடுத்திருக்கக்கூடியது இதுதான் என்பது என் எண்ணம். ‘இல்லை’ என்றால் ஆள் தேடிப் போவார்; 20 வந்தால் திருப்தியாகத் தூங்கப் போவார்.

எல்லாம் முடிந்தபின் விரிதாளில் மாணவி இரண்டு புதிய பத்திகள் சேர்த்தார். ஒன்றில், அந்த வரிசை எந்த அளவில் பொருத்தப்பட்டது என்ற குறிப்பு: பிணைப்பு மட்டும், கையும் சேர்த்து, தாய்ச்சேர்மம், உப்பு. மற்றொன்றில், பதில் வராத வரிசைகளுக்குக் காரணம்: 404, 503, செல்லாத எண், செல்லாத கட்டமைப்பு. ஒமெப்ரசோல் அளவீடுகளையும் எஸோமெப்ரசோல் அளவீடுகளையும் ஒன்றாகக் கூட்டிவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இரண்டு கைகளும் அமிலத்தில் ஒரே செயல்படு பொருளாக மாறினாலும், உடலில் சிதையும் வேகம் வேறு.

ஒரு வரிசை மட்டும் தீரவில்லை. பெயர் எஸோமெப்ரசோல் என்கிறது. படத்தில் கந்தகத்துக்குத் திசை இல்லை. குறியீடு ‘யூ எச் எஃப்’ என்று தொடங்குகிறது. சோதித்தவர் கையில் இருந்தது தனிக் கையா கலவையா என்பதை அந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. மூலக் கட்டுரையை வரவழைக்க நூலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை அந்தக் கட்டத்தில் ‘கை தெரியவில்லை’ என்று எழுதி மஞ்சள் நிறமிட்டு வைத்திருக்கிறார்.